ஆழ்கடல் கடிகாரத்தின் வளையம் ஏன் ஒரே பக்கம் திரும்புகிறது?

முக்குளிப்பதற்கென்றே செய்யப்பட்ட கைக்கடிகாரம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், மணி பார்ப்பதற்கு முன் அதன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். முள் ஓடும் திசைக்கு எதிராகத் திருப்பினால் 'டக், டக்' என்று தாவித் தாவி நகரும். முழுச் சுற்றுக்கு 60 தாவல்கள், சிலவற்றில் 120. ஒவ்வொரு தாவலும் விரல் நுனியில் தெளிவாகத் தெரியும். இனி முள் ஓடும் திசையில் திருப்புங்கள். இம்மியும் அசையாது.

பெசல் என்று அழைக்கப்படும் அந்த வளையத்தின் பிடிவாதம்தான் இந்தக் கடிகாரத்தின் உயிர்நாடி. பளபளப்பும் பெயரும் பிறகு வருபவை. வளையம் ஏன் மறுக்கிறது என்பது புரிந்துவிட்டால், மற்ற உறுப்புகள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

தரையில் நேரம் தவறினால் பஸ்ஸைத் தவறவிடுவோம். நீருக்கடியில் நேரம் என்பது மூச்சு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதுகில் 12 லிட்டர் உருளை. அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று (ஒரு 'பார்' ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). வெளியே எடுத்தால் ஏறத்தாழ 2,400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்குத் தரையில் இரண்டு மணி நேரம் வரும். ஆனால் கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நான்கு மடங்கு. இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் நான்கு மடங்கு காற்றைத் தின்கிறது. இரண்டு மணி நேரம் அரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். மேலே வருவதற்கென்று ஒதுக்க வேண்டிய காற்றையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

காற்று மட்டுமல்ல. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. அளவுக்கு மீறித் தங்கிவிட்டு விரைவாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தது போல அது உடலுக்குள்ளேயே குமிழிடும். மூட்டு வலியில் தொடங்கி, பக்கவாதம், மரணம் வரை கொண்டுபோகக்கூடிய நோய் அது. ஆகவே முக்குளிப்பவர் கேட்கும் கேள்வி 'மணி என்ன?' என்பதல்ல, 'நான் இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று?' என்பது.

அதற்கு விடை சொல்வதுதான் வளையம். அதன் மேல் ஒரு முக்கோணக் குறி இருக்கும், அதுதான் பூஜ்யம். இறங்கும் நொடியில் நிமிட முள் 17ல் இருந்தால், முக்கோணத்தை 17க்கு நேராக வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போகிறீர்கள். பிறகு எப்போது பார்த்தாலும் நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது. முள் 42க்கு வந்தால் வளையத்தில் 25 என்று இருக்கும். கழித்தல் கணக்கு வேண்டாம். குளிரிலும் பதற்றத்திலும் மனக்கணக்கு போடச் சொல்லக்கூடாது.

இப்போது பாறையில் கை உரசி வளையம் ஐந்து நிமிட அளவு நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில்தான் நகர முடியும் என்பதால் முக்கோணம் 17லிருந்து 12க்குப் போயிருக்கும். அப்போது முள் 25க்குப் பதிலாக 30 என்று காட்டும். அரை மணி ஆகிவிட்டதென்று எண்ணி ஐந்து நிமிடம் முன்னதாகவே மேலே வருவீர்கள். இழப்பு ஐந்து நிமிடக் கடல் காட்சி. மறுபக்கம் நகர முடிந்திருந்தால் 20 என்று காட்டியிருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது என்று தங்கிவிடுவீர்கள். இழப்பு உயிராகவும் இருக்கலாம். தவறே நேராத கருவியை யாராலும் செய்ய முடியாது. நேரும் தவறு உயிரைக் காக்கும் பக்கமாக மட்டுமே நேர வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். இயந்திரவியலில் நான் பெரிதும் மதிக்கும் யோசனைகளில் இது ஒன்று.

தற்செயலாக நகராத வளையம் வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் சொந்த அனுபவம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை நடத்திவந்த ஜான் ஜாக் ஃபீஷ்டர் தாமே முக்குளிப்பவர். பிரான்சின் தென்கரையில் ஒருமுறை நேரம் போனது தெரியாமல் ஆழத்தில் தங்கி, காற்று தீர்ந்துபோகும் நிலையில் மேலே வந்தார். அவர் உருவாக்கிய 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' 1953ல் வெளிவந்தது. ஃபேதம் என்பது ஆறு அடி, தமிழில் பாகம். பெயரின் பொருள் 50 பாகம், அதாவது சுமார் 91 மீட்டர். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையை உருவாக்கிய ராபர்ட் மலூபியேவும் கிளோத் ரிஃபோவும் தேடிக்கொண்டிருந்த கடிகாரமும் அதுவாகவே அமைந்தது. தற்செயலாக நகராதபடி, அழுத்தினால்தான் திரும்பும் வளையம் அதில் இருந்தது. அதே 1953ல் பிறந்த ரோலெக்ஸ் சப்மரைனர் 100 மீட்டர் வரை தாங்கியது. இன்று கடைகளில் காணும் ஆழ்கடல் கடிகாரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டின் வழிவந்தவைதான்.

வளையம் நேரத்தைக் காக்கிறது; கடிகாரத்தை யார் காப்பது? தண்ணீர் உள்ளே வர மூன்று வாசல்கள் உண்டு. முன்னால் கண்ணாடி, பின்னால் மூடி, பக்கவாட்டில் சாவி கொடுக்கும் திருகு. 300 மீட்டர் ஆழத்தில் கூடுதல் அழுத்தம் 30 பார். கண்ணாடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்றால், அதன் மீது மட்டும் 200 கிலோவுக்கு மேல் எடை ஏறி நிற்பதற்குச் சமம். நகத்தளவு தடிமனுள்ள கண்ணாடி இதற்குப் போதாது. ஆகவே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள சஃபயர் கண்ணாடி பொருத்துகிறார்கள். இது ஆய்வகத்தில் வளர்க்கப்படும் நீலக்கல் படிகம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் இருப்பதால் மணலும் பாறையும் எளிதில் கீறாது. பின்மூடி மரை போட்டு முறுக்கப்படுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வாஷர் அமர்ந்திருக்கிறது.

மூன்று வாசல்களிலும் ஆபத்தானது திருகுதான். மற்ற இரண்டும் மூடியே இருப்பவை. இதை மட்டும் நாம் திறந்து மூடுகிறோம். உள்ளே இயந்திரம் வரை போகும் ஒரு தண்டு இருப்பதால் அங்கே ஓட்டை இல்லாமலும் இருக்க முடியாது. ஆகவே அந்தத் திருகையே மரையுள்ள மூடியாக்கினார்கள். திறக்க வேண்டுமானால் பல சுற்று கழற்ற வேண்டும். வில் தள்ள, அது சற்று வெளியே எழும். வேலை முடிந்ததும் உள்ளே அழுத்தி மீண்டும் முறுக்க வேண்டும். 1926ல் வந்த ரோலெக்ஸ் ஆய்ஸ்டரில் இந்த ஏற்பாடு இருந்தது. மறு ஆண்டு அக்டோபரில் ஆங்கிலக் கால்வாயின் கடுங்குளிரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்திய மெர்சிடிஸ் கிளைட்ஸ் அதைக் கழுத்தில் அணிந்திருந்தார். அன்று அவரால் கரை சேர முடியவில்லை. கடிகாரம் நிற்காமல் ஓடியது. 1970ல் அதே நிறுவனம் மூன்று அடுக்கு அடைப்புள்ள திருகைக் கொண்டுவந்தது.

இந்தத் திருகின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் தேதியைத் திருத்திவிட்டு, திருகை உள்ளே தள்ளினேன், முறுக்க மறந்துவிட்டேன். அன்று கடலுக்கெல்லாம் போகவில்லை, குழாயில் கைகழுவியதோடு சரி. மாலையில் கண்ணாடியின் உட்புறம் 6 என்ற எண்ணுக்கு மேல் ஒரு காசளவு மூடுபனி படர்ந்திருந்தது. பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்து, சாமணத்தால் வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வளைந்துகொடுக்க வேண்டிய ரப்பர், வெயிலில் காய்ந்த வேர் போல விறைத்துக் கிடந்தது. நகத்தால் அழுத்தியதும் விண்டுவிட்டது. திருகை ஒழுங்காக முறுக்கியிருந்தாலும் அந்த வாஷர் அதிக நாள் தாங்கியிருக்காது. 200 மீட்டர் என்று முகப்பில் எழுதியிருந்ததை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தது ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஒரு ரப்பர் நூல்.

திருகைத் திறக்கத் திறக்கத் தேய்மானம் என்றால், தினமும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் கடலுக்கு ஏற்றதல்ல. தானாகச் சாவி ஏறும் இயந்திரம் ஆழ்கடல் கடிகாரத்தில் இடம்பிடித்தது இதனால்தான். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று அச்சில் தொங்குகிறது. கை அசையும்போதெல்லாம் அது சுழன்று பிரதான வில்லை முறுக்குகிறது. முறுக்கிய வில் பிரிய விரும்புகிறது. அந்த விசை பற்சக்கரங்கள் வழியே ஓடுகிறது. தடையில்லாமல் விட்டால் மொத்த வில்லும் கணத்தில் பிரிந்துவிடும். அதைத் தடுப்பது பேலன்ஸ் சக்கரம் என்னும் சிறு சக்கரம். மயிரிழை போன்ற சுருள்வில்லின் பிடியில் அது முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல் மட்டும் நகர அனுமதி கிடைக்கிறது. காதருகே வைத்தால் கேட்கும் 'டிக் டிக்' அந்த அனுமதியின் ஒலிதான். இன்று பரவலாக உள்ள வகை மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு எட்டு முறை துடிக்கிறது. அதனால்தான் நொடி முள் தாவாமல் வழுக்கிச் செல்வது போலத் தெரிகிறது.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் துல்லியமானது. அதை மறைக்க வேண்டியதில்லை. சுவிஸ் கால அளவிச் சான்றிதழ் பெறும் இயந்திரம்கூடச் சராசரியாக நாளுக்கு 4 நொடி தாமதிக்கலாம், 6 நொடி முந்தலாம். ஆனால் முக்குளிப்பு ஒரு மணி நேரக் காரியம். நாளுக்கு 6 நொடி முந்தும் கடிகாரம் ஒரு மணி நேரத்தில் முந்துவது கால் நொடி. வளையத்தில் நிமிடம் பார்ப்பவருக்கு அது கணக்கிலேயே வராது. பேட்டரி தீரும் கவலையும் இல்லை.

இனி வெளிச்சம். நீருக்கடியில் சிவப்பு நிறம்தான் முதலில் மறைகிறது. இன்னும் கீழே போனால் நீலக் கருக்கல்தான். இருட்டில் ஒளிரும் எதையும் நாம் 'ரேடியம்' என்கிறோமே, அந்தச் சொல் கடிகார முகப்பிலிருந்து வந்த பழைய நினைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்களிலும் எண்களிலும் மெய்யாகவே ரேடியம் பூசினார்கள். அமெரிக்கத் தொழிற்கூடங்களில் அதைப் பூசிய இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அரிக்கப்பட்டுப் பலர் இறந்தார்கள். இந்தத் துறையின் அழகைப் பேசும்போது அவர்களையும் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வருவதில்லை. ரேடியத்துக்குப் பின் கதிர்வீச்சு குறைந்த டிரிட்டியம் வந்தது. 1993ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கமே இல்லாத லூமிநோவாவை உருவாக்கியது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொருளால் ஆன இந்தப் பூச்சு, பகல் வெளிச்சத்தை உள்வாங்கி இருட்டில் மணிக்கணக்கில் திருப்பித் தருகிறது.

எதில் பூச வேண்டும் என்பதிலும் யோசனை இருக்கிறது. மணி முள்ளைவிட நிமிட முள்தான் பெரிதாக, தனித்துத் தெரிய வேண்டும். ஒமேகாவின் சில சீமாஸ்டர் கடிகாரங்களை இருட்டில் பாருங்கள்: எல்லாம் நீலமாக ஒளிர, நிமிட முள்ளும் வளையத்தின் பூஜ்யப் புள்ளியும் மட்டும் பச்சை. உயிருக்கு வேண்டிய இரண்டு குறிகளும் மற்றவற்றிலிருந்து பிரிந்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். நொடி முள்ளின் நுனியிலும் ஒரு சொட்டு ஒளி இருக்கும். நொடி எண்ணுவதற்கல்ல, கடிகாரம் நின்றுவிடவில்லை என்று காட்டுவதற்கு.

சில கடிகாரங்களின் விளிம்பில் ஹீலியம் வால்வு என்று ஒரு சிறு உறுப்பு இருக்கும். அதிக ஆழத்துக்குப் போக உதவுவது அது என்று பலர் நினைக்கிறார்கள். வால்வின் வேலை வேறு. கடலடி எண்ணெய்க் குழாய்களில் வேலை செய்பவர்கள் தினமும் ஏறி இறங்குவதில்லை. அழுத்தம் நிறைந்த அறையில் நாள்கணக்கில் வாழ்ந்து, ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. தண்ணீரைத் தடுக்கும் வாஷரைத் தாண்டி மெல்ல மெல்லக் கடிகாரத்துக்குள் புகுந்துவிடும். பிறகு அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட வாயு வெளியேற வழியில்லாமல் கண்ணாடியை உள்ளிருந்து பெயர்த்தெறியும். அதுவரை வெளியிலிருந்த பகைவன் இப்போது உள்ளிருந்து தள்ளுகிறான். அந்த வாயுவை வெளியே விட்டு, வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாமல் இருப்பதே வால்வின் வேலை. 1967ல் ரோலெக்ஸ் சீ-ட்வெல்லர் இந்த ஏற்பாட்டோடு உருவானது. செய்கோ வேறு பாதையில் போனது. ஜப்பானிய முக்குளிப்பவர் ஒருவர் தம் கடிகாரம் உடைந்தது பற்றி 1968ல் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏழு ஆண்டுகள் உழைத்து, 1975ல் டைட்டானியம் உடலுள்ள 600 மீட்டர் கடிகாரத்தை வெளியிட்டது. ஹீலியத்தை வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளேயே விடாத அடைப்பு. எனக்கு இந்தத் தீர்வுதான் அதிகம் பிடிக்கும். அப்படிப்பட்ட அறையில் தங்காதவருக்கு வால்வால் பயன் ஏதும் இல்லை.

'ஆழ்கடல் கடிகாரம்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளாமல் இருக்க ஐ.எஸ்.ஓ. 6425 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும்; மாதிரிக்கு ஒன்றிரண்டை மட்டுமல்ல, ஒவ்வொரு கடிகாரத்தையும். 25 சென்டிமீட்டர் தொலைவில் இருட்டில் படிக்க முடிய வேண்டும். உப்புநீரில் 24 மணி நேரம் கிடக்க வேண்டும். 40 டிகிரி வெந்நீர், 5 டிகிரி குளிர்நீர், மறுபடி வெந்நீர் என்று பத்துப் பத்து நிமிடம் முங்கி எழ வேண்டும். ஈரக்கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. கடிகாரத்தைச் சூடான தட்டில் வைத்து, கண்ணாடியின் மேல் ஒரே ஒரு சொட்டு குளிர்ந்த நீரை விடுகிறார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைக்கிறார்கள். அந்த இடத்தில் உட்புறம் பனித்திருந்தால், உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள், கடிகாரம் தோற்றுவிட்டது.

இத்தனையும் நடுத்தரக் கடிகாரத்திலும் உண்டு என்றால், ஆடம்பரக் கடிகாரம் எதில் வேறுபடுகிறது? பாதுகாப்பில் பெரிய வேறுபாடு இல்லை. தரச் சான்று பெற்ற எளிய கடிகாரமும் உங்களைப் பத்திரமாக மேலே கொண்டுவரும். வேறுபாடு பொருளிலும் உழைப்பிலும் இருக்கிறது. அலுமினிய வளையத் தகடு கீறும், வெளுக்கும். அதன் இடத்தில் கீறல் விழாத பீங்கான் தகடு. உப்பரிப்பைக் கூடுதலாக எதிர்க்கும் எஃகு. காந்தத்துக்கு அசையாத சிலிக்கான் சுருள்வில். மூடி திறந்தால் மட்டுமே தெரியும் பற்சக்கரங்களின் ஓரங்களைக்கூட இழைத்து மெருகேற்றும் கைவேலை. வளையத்தின் ஒரு 'டக்'கில் அந்த வேறுபாடு கைக்குத் தெரியும்: மலிவானதில் தாவல்களுக்கு இடையே சற்று ஆட்டம் இருக்கும், நல்லதில் பூட்டு விழுவது போல நிற்கும்.

ஆழத்தைச் சொல்லும் எண்ணுக்கு மயங்க வேண்டாம். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களின் எல்லை 40 மீட்டர்; 200 மீட்டர் கடிகாரம் தாராளமாகப் போதும். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் கலத்தில் மரியானா அகழியின் அடியைத் தொட்டபோது, கலத்துக்கு வெளியே கட்டியிருந்த ரோலெக்ஸ் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழம் போய் ஓடிக்கொண்டே திரும்பியது. குமிழ் போலப் பருத்த கண்ணாடி கொண்ட அந்தக் கடிகாரம் ஒரு சோதனைக் கருவி; கையில் கட்டிக்கொண்டு நடமாடச் செய்ததல்ல. மறுபுறம், சாதாரணக் கடிகாரத்தில் '30 மீட்டர்' என்று இருந்தால் 30 மீட்டர் இறங்கலாம் என்று பொருளல்ல. மழைத்துளியும் கைகழுவும் நீரும் தாங்கும், அவ்வளவுதான்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை குறைவு. வெந்நீர்க் குளியலிலும் நீராவி அறையிலும் கழற்றி வையுங்கள்; சூட்டில் உலோகமும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரியும். நீருக்கடியில் திருகைத் தொடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து, பின்மூடியைத் திறக்கும்போதெல்லாம் வாஷரை மாற்றச் சொல்லுங்கள். கடலிலிருந்து வந்ததும், திருகு முறுக்கியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை பார்த்துவிட்டு, நல்ல நீரில் அலசுங்கள். அலசும்போதே வளையத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். அதன் அடியில் தங்கிய உப்பும் மணலும் நீரோடு வந்துவிடும். 60 'டக்'குகளும் தடையில்லாமல் கேட்க வேண்டும்.